ஆஸ்பத்திரிக் குசினியில் கடுகு வெடித்த நாள்

கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு உடம்பு ஒரு தரம் தூக்கிப் போடும். சமையல் வேலையிலேயே வயதைக் கழித்தவனுக்கு இப்படி ஒரு கோளாறா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். போன மாதம் எங்கள் தோட்ட வாசிகசாலையில் ஒரு சின்ன விருந்து. பின்பக்கம் இட்டலிக்குச் சட்னி தாளித்தார்கள். நான் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்தில் இருந்தவர் வேட்டியில் கொட்டிவிட்டேன்.

"என்னண்ணே, தோட்டா வெடிச்ச மாதிரி துள்ளுறீங்க? கடுகுதானே!" என்றார் அவர்.

பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. "எழுதித் தர்றேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவர்கள் விடவில்லை. ஆண்டு மலரில் போடுகிறோம் என்று தாளும் பேனாவும் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் சமையல்காரனாக இருந்தேன். சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் அது ஒன்றுதான். வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்த மறு வருடம் சேர்ந்தேன். நாடு கைமாறியது, எங்கள் தோட்டத்தில் துரை மாறவில்லை. அடுப்புப் புகை நெஞ்சில் ஏறி இருமல் நிற்காமல் போனதால், ஐம்பது வயதாகும் முன்பே வேலையை விட்டுவிட்டேன்.

அதற்கு முன்னால் கொஞ்ச காலம் பெரிய துரை பங்களாவில் கோக்கிக்கு, அதாவது துரையின் சமையல்காரருக்கு, கையாளாக இருந்தேன். அங்கே கற்றதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாட்டிறைச்சி சுடும் நாளில் கடுகுப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் குழைத்து, மூடி வைக்கச் சொல்வார் கோக்கி. சுடுதண்ணீர் பட்டால் காரம் எழும்பாது, வெறும் கசப்புத்தான் மிஞ்சும். குழைத்ததை அப்படியே பச்சையாகத் துரை இறைச்சியில் தடவித் தின்றதைக் கதவிடுக்கில் பார்த்து நான் பயந்தே போனேன். கண்ணில் நீர் வழிய வழியத் தின்றார். கடுகை எண்ணெயில் பொரிய விட்டு மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். இந்த மனிதனுக்கு ஏதோ ஆகப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

வீட்டுச் சமையல் அம்மாவிடம் வந்தது. அம்மா தோட்டத்தின் வேறு பிரிவில் என் அண்ணனோடு இருந்தாள். பூசணிக்காயைத் தோலோடு வெட்டி, மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டுத் தேங்காய்ப் பாலில் வேகவைப்பாள். ஒரு பிடி வறுத்த அரிசி, தேங்காய்ப்பூ, பூண்டு, ஒரு கரண்டி கடுகு, இவற்றை அம்மியில் வழுவழுவென்று அரைப்பாள். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகுதான் அரைத்ததைப் போட்டுக் கிண்டுவாள். "அடுப்புல இருக்கையில போட்டா கசந்துரும்டா. சூடு அடங்குறப்ப போடு, அப்பத்தான் மூக்குல ஏறும்" என்பாள். பலாக்காய்க்கும் அப்படித்தான். எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு மட்டும் கடுகை வெறும் சட்டியில் சூடு காட்டி இடித்துப் போடுவாள். இந்த மூன்று கடுகுப் பக்குவத்தையும் வைத்துக்கொண்டுதான் நான் ஆஸ்பத்திரிக் குசினிக்குள் போனேன்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, வெள்ளைக் காற்சட்டை, சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்னக் கரண்டி. அந்தக் கரண்டி மருந்துக்கு அல்ல, என் சமையலுக்கு. மத்தியானச் சாப்பாடு வார்டுக்குப் போகும் முன்பு குசினி வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். சப்பாத்துக் காலோடு அடுப்படிக்குள் வரக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். நான் ஒவ்வொரு சட்டியாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கரண்டியைச் சுடுதண்ணீரில் முக்கி, ஒரு சொட்டு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுவைப்பார். அவர் சத்தம் போட்டதே இல்லை. அதுதான் பயம்.

முதல் வாரம், நோயாளிக்குக் காரம் வேண்டாமே என்று கோசுக்கீரையை வெறும் உப்புத் தண்ணீரில் அவித்து வைத்தேன். சுவைத்துவிட்டுக் கரண்டியைத் துடைத்தார்.

"முத்தையா, இதை நீர் சாப்பிடுவீரோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வயித்தில நோவெண்டால் நாக்கிலயும் நோவே? சனம் சாப்பிடாமல் கிடந்தால் என்ர மருந்து ஆரில பிடிக்கிறது? மிளகாயைக் குறையும். கடுகைக் குறையாதையும்."

அன்று முதல் எல்லாக் கறிக்கும் கடுகு தாளித்தேன். மைசூர்ப் பருப்பை மஞ்சளோடு குழைய வேகவைத்து, தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு, அது வெடித்து அடங்கியதும் சின்ன வெங்காயம், கருவேப்பிலை, ஒரே ஒரு செத்தல் மிளகாய். குசினியும் இரண்டு வார்டும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. சுவர் முழுக்க எழும்பாமல் மேலே இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். கடுகு வெடித்தால் கடைசிக் கட்டில் வரை கேட்கும். ஆண்கள் வார்டில் யாராவது, "ஏ, எந்திரிங்கப்பா, அண்ணே அடுப்புல வேட்டு வச்சிட்டாரு" என்பார்கள். தட்டுகள் தடதடக்கும்.

இந்தச் சத்தத்தில் ஒரு கண்ணி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அது மழைக்காலம். பசாரிலிருந்து சாமான் கொண்டுவரும் லொறி வழியில் நின்றுவிட்டது. அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, கடுகு ஒரு மணி இல்லை. சரி, ஒரு நாள்தானே என்று பருப்பைத் தாளிக்காமல் வார்டுக்குக் கொண்டுபோனேன். கையில் கட்டுப் போட்ட ஒருவர் முதல் கட்டிலில் இருந்தார். தட்டைப் பார்த்தார், முகர்ந்தார், கீழே வைத்தார்.

"யாரு?" என்றார்.

"எது யாரு?"

"மறைக்காதீங்க அண்ணே. யாரு போனது?"

எனக்கு என்ன கேட்கிறார் என்று விளங்கவில்லை. வழக்கம்போல் தலையைக் குனிந்தேன். அதுதான் வினையாகிவிட்டது. "குனியிறாரு பாரு, குனியிறாரு!" என்று அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். "பொம்பளைங்க பக்கந்தான். காலையிலேர்ந்து ஒரு சத்தத்தக் காணோமே!" பிரசவத்துக்கு மனைவியைச் சேர்த்திருந்த ஒருவர் ஆண்கள் வார்டில் பேச்சுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவர், "அய்யோ என் தங்கம்!" என்று அலறிக்கொண்டு பெண்கள் வார்டுக்கு ஓடினார். அந்த அம்மாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்துத் தன் தகப்பனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவளும் கத்தினாள். இரண்டு வார்டிலும் ஒரே ஒப்பாரி. நான் பருப்பு வாளியோடு நடுவில் நின்றேன்.

டாக்டர் ஐயா ஓடிவந்தார். ஆயா ராக்கம்மாதான் விளக்கினாள். வயதானவள், ஐயாவிடம் பயமில்லாமல் பேசுகிறவள். "ஐயா, எழவு விழுந்த எடத்துல பொணத்த எடுக்குற வரைக்கும் நாங்க தாளிக்க மாட்டோமுங்க. லயத்துல ஒரு காம்பராவுல சாவுன்னா மத்தக் காம்பராவுலயும் சட்டி காயாது. இன்னிக்குப் பருப்புல கடுகு இல்லீங்க. அதான் ஆரோ போயிட்டாங்கன்னு…"

ஐயா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "கடுகு இல்லையெண்டதுக்கோ இவ்வளவு?" என்றார். நான் முதலும் கடைசியுமாக அவர் வாய் பிளந்து நின்றதைப் பார்த்தது அப்போதுதான்.

அந்த வழக்கம் எனக்கும் தெரிந்ததுதான். ஒரே கூரையின் கீழ் அறைகளை ஒட்டிக் கட்டிய லயத்தில் பிறந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் ஆஸ்பத்திரியைச் சனங்கள் லயமாகவே நினைக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஐயா இரண்டு காரியம் செய்தார். மருந்து அலுமாரியில் ஒரு போத்தல் கடுகை எப்போதும் பூட்டி வைத்தார். உண்மையாகவே யாராவது இறந்தால், குசினிக்கு அடுத்த பின்னறையில் கிடத்தி, பிணத்தை எடுக்கும் வரை தாளிக்க வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார். "சனத்தின்ர மனசும் அவையின்ர உடம்புக்குள்ளதான் கிடக்கு" என்றார்.

அதன் பிறகு என் அடுப்பு அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி மாதிரி ஆகிவிட்டது. மத்தியான நேரம் நெருங்கினால் கட்டிலில் கிடப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். கடுகு வெடித்தால் ஒரு பெருமூச்சு கேட்கும். எனக்கே கேட்கும். சத்தம் வராத நாளில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், கைகூப்புவார்கள்.

இனி நான் எழுத வந்த நாள்.

என் தங்கை செல்லத்தைக் கீழ்ப்பிரிவில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ராமையா தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். சிரித்த முகம். என்னை "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டு குசினிக்குப் பின்னால் வந்து நிற்பார். அடிச்சட்டிப் பருப்பை வழித்துத் தின்றுவிட்டு, "ஒங்க கை வாசத்துக்கு ஒங்க தங்கச்சி கை வராது" என்று கூட வந்திருக்கும் செல்லத்துக்குக் கேட்கும்படி சொல்வார். அவள் கரண்டியைத் தூக்குவாள்.

அந்த ஆனி மாத மழையில், ஆட்கள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், கீழ்ப்பிரிவு லயத்துக்கு மேலே இருந்த மண்மேடு சரிந்து விழுந்தது. அவர்கள் காம்பராதான் அந்தக் கோடியில் இருந்தது. இருவரையும் கொழுந்துச் சாக்கில் கம்பு கோத்துத் தூக்கி வந்தார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ராக்கம்மா வந்து, "தம்பி, வா" என்றாள். நான் போவதற்குள் செல்லத்தை மூடிவிட்டார்கள். துணிக்கு வெளியே ஒரு கை கிடந்தது. கண்ணாடி வளையல் ஒன்றுகூட உடையவில்லை. எனக்கு அதைத்தான் நம்ப முடியவில்லை. வீடே விழுந்திருக்கிறது, வளையல் உடையவில்லை. நான் அழவில்லை. வளையலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னறையில் கிடத்தினார்கள்.

மாப்பிள்ளைக்குத் தொடை எலும்பு முறிந்து, உள்ளே பெரிய இரத்தக் குழாய் கிழிந்திருந்தது. ஐயா தைத்து, பலகை வைத்துக் கட்டினார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பார். ஆனால் பாதையிலும் மண் விழுந்து கிடந்தது. ஆட்கள் வெட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். வழி திறக்கும் வரை அவர் அசையாமல் கிடக்க வேண்டும். அசைந்தால் தையல் பிய்ந்து இரத்தம் போகும், அவருக்கு ஏற்ற எங்களிடம் இரத்தம் கிடையாது.

அவர் கண் விழித்ததும் செல்லம் எங்கே என்று கேட்டார். கை முறிந்து பெண்கள் வார்டில் கிடக்கிறாள் என்று ஐயா சொன்னார். மாப்பிள்ளை நம்பவில்லை. கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். இருவர் அமுக்கிப் பிடித்தார்கள். அதற்குள் கட்டுச் சிவந்துவிட்டது. ஐயா திரும்பக் கட்டினார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை அடங்கிக் கிடந்தார். தண்ணீர் கொடுத்த ராக்கம்மாவிடம் மெதுவாகச் சொன்னாராம்: "சாப்பாட்டு நேரம் வரட்டும் ஆயா. நீங்கல்லாம் பொய் சொல்லலாம். மச்சான் அடுப்பு பொய் சொல்லாது."

ராக்கம்மா அதை ஐயாவிடம் சொல்லிவிட்டாள்.

நான் குசினியில் இருந்தேன். சோறு குழைய வெந்துவிட்டது, பருப்பும் வெந்துவிட்டது. தாளிக்கிற சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்திருந்தேன். ஐயா வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்தார்.

"முத்தையா, உம்மட தங்கச்சிக்கு என்னால ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சுது."

நான் எழுந்து நின்றேன்.

"அவன் உம்மட கடுகுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறான். சத்தம் வராட்டி எழும்புவான். எழும்பினால் நான் பிடிச்சு வைக்க ஏலாது."

"ஐயா…" என்றேன். "இந்தச் செவத்துக்கு அந்தப் பக்கம் எந் தங்கச்சி கெடக்குதுங்க."

"ஓம். தெரியும்."

"எனக்குச் செய்யத் தெரிஞ்சால் உம்மைக் கேக்க மாட்டன். நான் செய்தால் கருகித்தான் போகும். அவனுக்கு உம்மட கை தெரியும்" என்றார். செய் என்று சொல்லவில்லை. கையிலிருந்த கடுகுப் போத்தலை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டார்.

கவிழ்த்த சட்டியை நிமிர்த்தினேன். கவாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சி இரண்டை ஒடித்து அடுப்பில் வைத்து ஊதினேன். எண்ணெய் விட்டேன். எண்ணெய் காய்ந்து அதில் மெல்லிய கோடுகள் ஓடின. ஒரு கடுகை மட்டும் போட்டுப் பார்த்தேன். அது அடியில் போய், சுற்றி நுரைத்து, மேலே வந்தது. காய்ந்துவிட்டது. கையில் இருந்ததைப் போட்டேன்.

வெடித்தது. அன்று வெடித்தது போல் அதற்கு முன்னும் பின்னும் வெடித்ததில்லை. தகரக் கூரை முழுக்கச் சத்தம் போய் முட்டித் திரும்பியது. பெண்கள் வார்டில் உண்மை தெரியும். தூக்கி வந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். "அடப்பாவி! கூடப் பொறந்தவனா இவன்?" என்று ஒருத்தி கூவினாள். கடுகு வெடியில் அது ஆண்கள் பக்கம் விளங்கியிருக்காது. ராக்கம்மா அங்கே ஓடி வாயைப் பொத்தியிருக்க வேண்டும். சத்தம் நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல், பலவீனமாக, ஆனால் சிரிப்போடு வந்தது.

"மச்சான்! கருவேப்பிலையக் கூடப் போடுங்க!"

கடுகு அடங்கியது. வெங்காயம் போட்டேன். பொன்னிறம் வரும் வரை கிண்டினேன். கருவேப்பிலையைக் கூடப் போட்டேன். பருப்பில் கொட்டினேன். எனக்கு இன்றுவரை ஆறாத திகைப்பு ஒன்று உண்டு. என் கை ஒரு இடத்திலும் தவறவில்லை. எது எப்போது என்று அதற்குத் தெரிந்திருந்தது. வாசம் நன்றாக இருந்தது. தங்கை சுவருக்கு அப்பால் கிடக்கிறாள், வாசம் நன்றாக இருக்கிறது என்று என் மூக்கு எனக்குச் சொல்கிறது. இப்படியும் ஒரு மனிதன் இருக்க முடியுமா என்று நான் என்னையே அந்நியனைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில்தான் பின்வாசலில் அம்மா வந்தாள்.

அவளுக்குச் சொல்லி விட ஒரு ஆளை அனுப்பியிருந்தார்கள். அண்ணன் மண் வெட்டும் இடத்துக்குப் போய்விட்டதால் அவள் தனியாகவே மழையில் மலையேறி வந்திருக்கிறாள். குசினிப் பக்கத்துக் குறுக்குப் பாதை வழியாக வந்தவள் கடுகுச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். தலை முதல் கால் வரை நனைந்து, தலைமயிர் அவிழ்ந்து, வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முத்தையா! தாளிக்கிறியாடா? ஏஞ்சாமி! அந்தக் கட்டையில போறவன் செல்லம் போயிட்டாள்னு சொல்லிட்டான்டா. வழியெல்லாம் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு வந்தேன். மேட்டுல ஏறுறேன், கடுகு வெடிக்குது. அப்பத்தான்டா உசுரு வந்துச்சு. எங்கடா இருக்கா? கண்ணத் தொறந்துட்டாளா?"

ஐயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார், இதை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கூடப் பிறந்தவள் பிணமாகக் கிடக்கும்போது அண்ணன்காரன் தாளிக்க மாட்டான், ஆகவே என் மகள் சாகவில்லை. அவள் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை.

தாளித்த சட்டி கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். அம்மாவிடம் போய், என் இடது கையால் அவள் பின்தலையைப் பிடித்து, வலது கையால் வாயைப் பொத்தினேன். என் கையில் எண்ணெய். அவள் காதில் சொன்னேன்.

"சத்தம் போடாதம்மா. செல்லம் பின்னறையில கெடக்கு. மாப்ளக்கித் தெரியாது. தெரிஞ்சா அவரும் போயிருவாரு."

அவள் கண்கள் என் கைக்கு மேலே என்னைப் பார்த்தன. சிரிப்பு கண்ணிலிருந்து போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதை நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கையை எடுக்க முடியாது. என் உள்ளங்கையில் அவள் பல் பதிந்தது. பிறகு பிடி தளர்ந்தது. நான் கையை எடுத்தேன். சத்தம் வரவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அரிசி மூட்டையில் சாய்ந்து உடம்பெல்லாம் ஆடினாள்.

ஐயா பக்கத்தில் குனிந்து, "அம்மா, பாதை திறக்கும் மட்டும்தான்" என்றார்.

அம்மா முந்தானையை எடுத்தாள். முகத்தைத் துடைத்தாள். "சோத்தப் போடு" என்றாள்.

"யாருக்கும்மா?"

"மாப்ளக்கி. நான் கொண்டு போறேன். நீ போனா ஒம்மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு."

கலியாணமான நாளிலிருந்து அம்மா மாப்பிள்ளை முன்னால் நிமிர்ந்து நின்றவள் அல்ல. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். அன்று தட்டை எடுத்துக்கொண்டு நேரே போனாள். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் போய், வார்டு வாசலில் நின்றுகொண்டேன்.

"செல்லத்தப் பாத்தீங்களா அத்தே?"

"பாத்துட்டுத்தான் வர்றேன். கையக் கட்டிப் போட்டிருக்காங்க. தூங்குறா."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. நீங்க சாப்பிடுங்க மாப்ளே."

அவர் தட்டைப் பார்த்தார். பருப்பில் கடுகு கறுப்பாக மிதந்தது. கையை நீட்டவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் பயந்தவரு. டாக்டரய்யா சொன்னா அவரு எதையும் செய்வாரு. நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க அத்தே."

"ஒங்க முன்னால நான் எப்புடி…"

"பரவாயில்ல. நீங்க சாப்பிட்டீங்கன்னா செல்லம் இருக்கா. சாப்பிடலேன்னா…" அவர் முடிக்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பத் தயாராகக் கையை ஊன்றினார்.

ஐயா வார்டின் மறு பக்கத்தில் நின்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சோற்றையும் பருப்பையும் பிசைந்தாள். அவசரப்படவில்லை. ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். கடுகு பல்லில் நறநறத்தது வாசல் வரை கேட்டது போல எனக்கு ஒரு எண்ணம். விழுங்கினாள். தொண்டை ஒரு முறை மேலே போய் இறங்கியது. உதட்டோரத்தில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது.

"உப்புக் கொஞ்சம் பத்தலடா முத்தையா" என்றாள் என் பக்கம் திரும்பி.

மாப்பிள்ளை தலையணையில் சாய்ந்தார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. "ஒங்க மக சமைச்சா உப்பு கரிக்கும் அத்தே. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க" என்றார்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா. உருண்டை உருண்டையாகப் பிசைந்து அவருக்கு ஊட்டினாள். அவர், "நீங்களும், நீங்களும்" என்றார். அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று தட்டு முடியும் வரை அவளும் சாப்பிட்டாள். நான் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் எத்தனையோ பேருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன். சாப்பாடு என்பது இவ்வளவு பயங்கரமான காரியமாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

ராமையா பிழைத்தார். கால் போய்விட்டது, உயிர் நின்றது. புண் ஆறிய பிறகு அண்ணன் போய் அவரிடம் உண்மையைச் சொன்னார். எப்படிச் சொன்னார், மாப்பிள்ளை என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. டாக்டர் ஐயாவும் மாற்றலாகிப் போய்விட்டார். அம்மா அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பெண்கள் வார்டில் கூவியவள் பிறகு என்னைக் கண்டால் பாதை மாறிப் போவாள். அது கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியாது.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே பாதை திறந்துவிட்டது. தொழிற்சாலை லொறியில் மெத்தை போட்டு மாப்பிள்ளையை ஏற்றினோம். ஐயா தாமே கூட ஏறிக்கொள்ளப் போனார். பெண்கள் வார்டில் ஒரு பிரசவம் நெருங்கியதால், மண் வெட்டிய இடத்திலிருந்து வந்து சேர்ந்த அண்ணனை ஏற்றி அனுப்பினார். அம்மா லொறிப் பக்கத்தில் நின்றாள்.

"அத்தே, செல்லத்தத் தனியா விட்டுறாதீங்க."

"விட மாட்டேன் மாப்ளே. நீங்க போயிட்டு வாங்க."

லொறி தேயிலை மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. முதல் வளைவில் மறைந்தது. நான் அம்மாவின் தோளைத் தொட்டேன். அவள் அசையவில்லை. ஐயா, "போயிட்டுது அம்மா. இனி நீங்கள் அழலாம்" என்றார்.

அம்மா அவரைப் பார்க்காமலே கையைத் தூக்கித் தடுத்தாள்.

"இருங்க சாமி. ஆத்துப் பாலம் தாண்டட்டும்."

நாங்கள் மூன்று பேரும் மழைத் தூறலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். ரொம்பக் கீழே, பாலத்துப் பலகைகள் தடதடவென்று அடித்து ஓய்ந்தன. அதன் பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.